சகோதர நாடு

சாணக்கியபுரியில் பனிமூட்டம், காலை ஏழு.
பக்கத்துத் தூதரகத்தில்
கொடி இன்னும் ஏறவில்லை.
அவர்களின் அதிபர் விடியுமுன் விமானம் ஏறிவிட்டாராம்.
டிரைவர் ராம்பல் சொன்னான்,
பீடியை வாயிலிருந்து எடுக்காமல்,
வாடகை பாக்கி வைத்து
யாரோ ஓடிப்போனதைப் போல.

எங்கள் தூதர் எட்டு மணிக்கே வந்துவிட்டார்.
ஒரு காலில் கறுப்பு சாக்ஸ், மறுகாலில் நீலம்.
நேற்று நான் அடித்துவைத்த வாழ்த்துக் கடிதம்
(வெற்றியின் முப்பத்துநான்காம் ஆண்டு,
அசைக்க முடியாத தலைமை)
கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது.
"கிழித்துப் போடு" என்றார்.
பிறகு, "வேண்டாம், இங்கே கொடு."
எட்டாக, பதினாறாக,
எழுத்து எழுத்தாகக் கிழித்தார்.

பழைய கோப்புகளில்
"சகோதர" என்ற சொல்லை நீக்கச் சொன்னார்.
கணினிக்கு ஒரு நொடி.
நானூற்றுப் பன்னிரண்டு இடங்கள்.
அதில் ஒன்று
அவர் அண்ணன் சாவுக்கு விடுப்புக் கேட்ட கடிதம்.
இறந்தது யாரென்று சொல்லாமல்
வாக்கியம் நொண்டி நின்றது.
நான் திருத்தவில்லை.

சரோஜினி நகரிலிருந்து தையல்காரர் நசீமுத்தீன்:
"இருபது ஜோடிக் கொடி தைச்சாச்சு சார்.
உங்களுது ஒண்ணு, அவங்களுது ஒண்ணு.
சேர்த்தே தைச்சுட்டேன்.
பிரிச்சா துணி கிழியும்."

மாலையில் பின்கேட்டில் தெமூர்,
அவர்களின் இரண்டாம் செயலாளர்.
சனிக்கிழமைதோறும் எங்கள் புல்தரையில்
இறகுப்பந்து ஆடுவார்; தூதரிடம் தோற்றுக்கொடுப்பார்.
கையில் பிரஷர் குக்கர்,
தோளில் மகளின் பள்ளிப்பை.
வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்களாம்.
"தூதரை ஒரு நிமிஷம்..."

"இல்லை" என்றேன்.
மாடியில் திரைச்சீலை அசைந்தது.
அவர் பார்த்தார்.
அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.
சிறுமி மட்டும் சுத்தமான இந்தியில் கேட்டாள்,
பகலில் ஏன் பூட்டு என்று.

என்னிடம் இருந்தது நாலு ஐந்நூறு ரூபாய்.
மதில்மேல் தாளை வைத்து
கடன்சீட்டு எழுதிக் கொடுத்தார்,
நேற்றைய அரசின் முத்திரைத் தாளில்,
பதவியையும் சேர்த்து.
சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இரவு ஒன்பது.
தூதர் இன்னும் அறையில்,
தலைக்குமேல் எங்கள் அதிபரின் புன்னகை.
விளக்கை அணைக்கப் போனவனைக் கூப்பிட்டார்.
கோப்பைப் பற்றி ஏதோ கேட்டார்.
கோப்பு அவர் கையிலேயே இருந்தது.
பிறகு, என்னைப் பார்க்காமல்:
"நீ இருக்கிற முனீர்காவில்
ரெண்டு ரூம் வீடு என்ன வாடகை?"

பதினெட்டாயிரம் சார்.
தண்ணீர் தனி.