நாலாயிரம் ஹெர்ட்ஸ்

வாசலில் இருந்த பையன் மணிக்கட்டில் முத்திரை குத்தினான்.
நீல மையில் 'லூனாஸ்'.
அப்பாவின் ஆபீஸ் மேசையிலிருந்து சுட்டிருப்பான்.
முப்பத்தைந்து ரிங்கிட்டில்
என் கடனெல்லாம் அடைந்துவிட்டது.

செந்தூல். ஜாலான் ஈப்போவை விட்டு உள்ளே திரும்பினால்
கீழே டயர் கடை,
நடுவில் பூட்டிக் கிடக்கும் டியூஷன் சென்டர்,
அதற்கும் மேலே இவர்கள்.
பாதிப் படியிலேயே பேஸ் கிதார்
செருப்பு வழியாக ஏறிவிட்டது,
காதுக்கு முன்னால் முழங்காலுக்கு.

பகலில் நான் காது அளப்பவள்.
பிரிக்பீல்ட்ஸில் ஒரு சத்தமில்லாத பெட்டி,
அதற்குள் ஆளை உட்கார வைத்து
'கேட்டால் பொத்தானை அழுத்துங்க' என்பேன்.
கேட்காததற்கும் அழுத்துவார்கள்,
பெண்டாட்டி வெளியே காத்திருந்தால் இன்னும் வேகமாக.

போன செவ்வாய் வந்தார்
தயாளன், த/பெ மரியசூசை. ஐம்பத்து மூன்று.
தொழில் என்ற இடத்தில் வெல்டிங்.
அவர் கோடு தாளில் சமதரையாக நடந்துவந்து
நாலாயிரம் ஹெர்ட்ஸில்
மூடியில்லாத சாக்கடைக்குள் விழுந்தது.
வலது பக்கம் ஆழம் கூடுதல்.
'பட்டறையில காதடைப்பான் போடுங்கண்ணே.'
'போட்டா இரும்பு பேசுறது கேக்காதும்மா.'
அதை நான் குறிப்பில் எழுதவில்லை.

இப்போது பச்சை விளக்கின் கீழ் அதே ஆள்,
அதே கட்டம் போட்ட சட்டை.
வலக் காதுக்கு ஒரு முழம் தள்ளி
ஹூய் மின்னின் சிம்பல்.
மீன் வெட்டுகிறவளின் கணக்கோடு அடிக்கிறாள்.
அஸ்ருல் கண்ணை மூடி எதையோ மென்றுகொண்டே
ஒரே இடத்தைத் தோண்டுகிறான்.

செல்போனில் அளந்தேன். நூற்றெட்டு டெசிபல்.
அர்ச்சனைக்குச் சொல்லும் எண்.
இந்தச் சத்தத்தைக் காது இரண்டு நிமிடம் தாங்கும்,
அப்புறம் வட்டி.
'என்ன?' என்றாள் ஜெசிந்தா.
'என்ன?' என்றேன் நான்.

தயாளன் ஒரு வரியை இரண்டு முறை பாடுகிறார்,
வண்டியை இழுத்துட்டுப் போயிட்டான்,
வண்டியை இழுத்துட்டுப் போயிட்டான்,
மூன்றாவதில்தான் காரணம் வருகிறது.
கிளினிக்கிலும் அப்படித்தான்.
முதல் தடவையே யாரும் சொல்வதில்லை.

நாலாவது பாட்டின் நடுவில் ஃபியூஸ் போனது.

இருட்டு. ஏர்கான் மூச்சை விட்டது.
ஹூய் மின் குச்சியை அந்தரத்தில் நிறுத்தினாள்.
தயாளன் நிறுத்தவில்லை.
கரண்ட் இல்லாத கிதாரில் வெறும் கம்பி,
தகரத்தில் எறும்பு ஓடுகிற மாதிரி,
அவ்வளவு மெலிசாக.
அறுபது பேர் வாயை மூடிக்கொண்டு கேட்டோம்.
நான் காதிலிருந்து ஆரஞ்சுப் பஞ்சைப் பிடுங்கினேன்.

நகமும் கம்பியும் உரசுகிற அந்த ஓரம் இருக்கிறதே,
அது அவருடைய சாக்கடைக்கு அந்தப் பக்கம்.
அந்த அறையில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.
அவருக்கு விரல் மட்டும்தான்.
ஒரு இடத்தில்கூட விரல் தடுக்கவில்லை.

யாரோ சுவிட்சைத் தூக்கினார்கள்.
விட்ட இடத்திலிருந்து அல்ல,
போய்ச் சேர்ந்திருந்த இடத்திலிருந்து
மொத்தச் சத்தமும் ஒரே அடியாக இறங்கியது.
பஞ்சு தரையில் எங்கேயோ.
தேடவில்லை.

பன்னிரண்டரைக்கு, மழை விட்டிருந்தது.
டயர் கடை ஷட்டர் முன்னால்
ஸ்பீக்கர் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தவர்
என்னைப் பார்த்துவிட்டார்.
'மிஸ்ஸா? அந்த மிஷின் என்ன விலை வரும்?'
சொன்னேன். தவணையும் உண்டு,
வெல்ஃபேர் பாரம் ஒன்று இருக்கிறது,
புதன்கிழமை வாருங்கள், காலையில், சாப்பிட்டுவிட்டு.
வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
சரியான நேரத்தில் தலையாட்டினார்.

பிறகு அவர் ஏதோ கேட்டார், சிரித்துக்கொண்டே.
என் காதுக்குள் ஒரே ஈ.
நானும் தலையாட்டினேன்.
பெட்டியின் இன்னொரு முனையைக் காட்டினார்.
தூக்கினேன். நல்ல கனம்.