மட்டம்

பதினாறு வருஷத்தில் முதல் முறையாக
சைட்டுக்கு மட்டம் போட்டேன்.
காய்ச்சல் என்றேன் கனகசபை சாரிடம்.
"மாத்திரை போடு எஸ்தர்,
புதன்கிழமை மூணாவது தளம் கான்கிரீட்."
போனை வைத்த கையால்
பெரம்பூர் ஸ்டேஷன் சிமெண்ட் பெஞ்சில்
நோட்டைத் திறந்தேன்.
விட்டத்தை விட்டத்தால் பெருக்கு,
நூற்று அறுபத்திரண்டால் வகு,
ஒரு மீட்டர் கம்பியின் எடை வரும்.

எட்டு எம்எம் கம்பி
தோளில் எவ்வளவு என்று
பத்தொன்பது வயதிலிருந்து தெரியும்.
அதற்குப் புள்ளி மூன்று ஒன்பது ஐந்து என்று
ஒரு பெயர் இருப்பது
இந்த ஆடி மாதம்தான் தெரிந்தது.

என்னோடு எழுதுகிறவன் ஜாபர், பிளம்பர்.
இரவில் குரல் செய்தி அனுப்புவான்,
பின்னால் டைல்ஸ் அறுக்கும் சத்தம்.
"அக்கா, ஃபுட்டிங்குக்கு கவர் எவ்ளோ?"
ஐம்பது.
"காலத்துக்கு?"
நாற்பது.
"நமக்கு?"
தீபாவளிக்கு முதல் நாள் கொடுப்பார்களே,
அதில் ஐந்நூறு.
சிரித்துக்கொண்டே தூங்கிப்போவோம்,
அவன் மாதவரத்தில், நான் கொடுங்கையூரில்.

வினாத்தாளில் இருபத்து மூன்றாவது கேள்வி:
கான்கிரீட்டைக் குறைந்தது எத்தனை நாள் நீராற்ற வேண்டும்?
அ) மூன்று. ஆ) ஏழு.
கொளத்தூர், போன சித்திரை.
தண்ணீர் லாரி வரவில்லை.
காலத்தில் சுற்றிய சாக்கு
அப்பளம்போல் காய்ந்து நின்றது.
"மூணு நாள் போதும், மேல ஏறு" என்றார் சார்.
ஏறினேன்.
ஏறச் சொன்னேன்.
அந்த வீட்டுக்காரர்கள் இப்போது
கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்துவிட்டார்கள்.

ஆ-வின் வட்டத்தை நிரப்பினேன்.
ஒரு மதிப்பெண்.
பேனா நன்றாகத்தான் எழுதியது.

கம்பெனிக்குப் பெயர் வேண்டுமாம்.
சாமி பெயரெல்லாம் ஏற்கெனவே
யாரோ ஒருவருடைய லெட்டர்பேடில் இருக்கிறது.
கொத்தனார் பையில் கிடக்குமே,
சுவர் சுவரைச் சந்திக்கும் இடத்தில்
பொய் சொல்லாத இரும்புத் துண்டு,
அதையே வைத்தேன்: மூலைமட்டம் பில்டர்ஸ்.
பிராட்வே சந்தில் முத்திரைக்காரர்
வெட்டிக் கொடுத்ததை
பஸ்ஸில் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தேன்.
மூளைமட்டம் பில்டர்ஸ்.
29சி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.
நூற்றிருபது ரூபாய்.
மாற்றிக் கேட்க இன்னும் போகவில்லை.

வங்கியில் நடப்புக் கணக்கு,
கேட்டதெல்லாம் கொடுத்தேன்.
"தொழில் நடக்கும் முகவரி?"
சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்த இடமெல்லாம்
முகவரியாகுமென்றால்
பாதி சென்னை என் முகவரி.
வீட்டுக்காரர் தணிகாசலம்
சம்மதக் கடிதம் தர மாட்டேன் என்றார்.
"குடியிருக்கத்தான் விட்டேன்,
கம்பெனி வைக்க இல்ல."
அவர் தலைக்கு மேலே
ஐப்பசிதோறும் ஒழுகும் தளம்,
கீழே பிளாஸ்டிக் வாளி.
வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவரும் பார்த்தார்.

என் முதல் ஒப்பந்தம்
அந்த வாளிமேல் முடிந்தது.
கூலி, ஒரு கையெழுத்து.

வெடிப்பைக் கொத்தினேன்,
ரசமட்டத்தில் குமிழி
நடுவில் நிற்காமல் கொஞ்சம் விலகட்டும் என்று
தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்தேன்.
புதுப் பூச்சின்மேல் பாத்தி கட்டினேன்.
தெருமுனை அடிபம்பிலிருந்து
குடம் குடமாக மூன்று மாடி.
தேர்வு முடிவு இன்னும் வரவில்லை.
வாட்டம் சரியாக வந்திருக்கிறதா என்பதும்
மழை வந்தால்தான் தெரியும்.

நான்காம் நாள் தணிகாசலம் படியேறி வந்தார்.
"இன்னும் எத்தன நாள்மா தண்ணி நிக்கணும்?"
ஏழு.
"மூணு போதும்னு சொல்றாங்களே."
ஏழு சார்.
"கொசு வரும். காய்ச்சல் வரும்."

வரட்டும்.
கனகசபை சாரிடம்
முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.