இரண்டு மில்லிமீட்டர்

சான் ஹோசேயில், நான்காம் மாடியில்,
ஜன்னல் திறக்காத அறையில்
மழையை வரைவது என் வேலை.
ஒரே அளவு பெய்த ஊர்களை
ஒரே கோட்டில் கட்டிப்போடுவேன்.
திலரான் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில்
கோடுகள் நெருக்கியடித்து நிற்கும்,
கடைசிப் பேருந்துக்கு முண்டும் கூட்டம்.
முகடு தாண்டி மேற்கே இறங்கினால்
பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகளைப் போல
தள்ளித் தள்ளிப் போய்விடும்.

கரீபியக் கடலிலிருந்து வரும் காற்று
சுமையோடு மலையேறுகிறது.
ஏற முடியாதவன் என்ன செய்வான்?
மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டு
கைவீசி அந்தப் பக்கம் இறங்குவான்.
இதை விளக்க எங்கள் அலுவலகத்தில்
பதினெட்டுப் பக்க அறிக்கை உண்டு.

காலை ஏழு மணிக்குத் தொலைபேசி.
கிழக்குச் சரிவிலிருந்து ஒதிலியே:
"நூற்றுப் பன்னிரண்டு.
கோழிக்கூட்டின் கதவும் போயிற்று, எழுதிக்கொள்."
கதவுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
அடுத்து மேற்கிலிருந்து எவேலியோ,
எட்டு மாடும் ஒரு மழைமானியும் வைத்திருப்பவர்.
"செரோ" என்பார். வைத்துவிடுவார்.

அவர் மொழியில்
இடையின ரகரம் போட்டால் அது சுழியம்.
வல்லின றகரம் போட்டு அழுத்தினால் மலை.
டிசம்பர் முழுக்க, ஜனவரி முழுக்க
மெல்லின மனிதர் ஒருவர்
இடையினத்தில் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று.

தொண்ணூற்று நான்காம் நாள்
"இரண்டு" என்றார்.

செயற்கைக்கோள் படத்தில் மேற்குச் சரிவு
கழுவிக் கவிழ்த்த தட்டு.
ஒரு பொட்டு மேகமில்லை.
"அவனே ஊற்றியிருப்பான். அடித்துவிடு"
என்றார் மேலதிகாரி மத்ரிகால்,
தன் காப்பியை ஊதியபடி.
அடிக்கும் முன் பார்த்துவிடலாமென்று
பேருந்து ஏறினேன்.

அங்கே வெயில் அடித்தது.
வெயிலுக்குள் என் கண்ணாடி மங்கியது,
புருவம் நனைந்தது,
சட்டைக் கை கனத்தது.
துளி என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது.
பூனை ரோமம் என்கிறார்கள் அந்த ஊரில்.
முகடு தாண்டிய மேகத்தின் கந்தல்
படுத்தவாக்கில் பறந்து வருகிறது,
விழுவதில்லை, கடக்கிறது.
வானத்தைப் பார்த்து வாய் திறந்து நிற்கும்
எங்கள் பித்தளை மழைமானிக்கு மேலே
குறுக்கே போய்க்கொண்டே இருக்கிறது.
உள்ளே பார்த்தேன்.
ஒரு எறும்பு. காய்ந்த எறும்பு.

பத்தடி தள்ளி ஒரு கருவாலி மரம்.
அதன் பாசி எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது.
மரத்தடியில் மட்டும் வட்டமாய்ச் சேறு,
சேற்றைச் சுற்றி எட்டு மாடுகளும்.
சுற்றிலும் புல் முறுகிக் கிடக்க
அந்த வட்டம் மட்டும் பச்சை.

எவேலியோ கிளைக்கடியிலிருந்து
ஒரு பால்வாளியை இழுத்துக் காட்டினார்.
பாதி நிறைந்திருந்தது.
"தினமும் இவ்வளவு.
தினமும் உனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன்.
வாய் கூசிவிட்டது."
"அதனால் ஊற்றினீர்களா?"
"குறைவாகத்தான் ஊற்றினேன்."

மரத்தடியில் பிடித்தது மழையாகாது.
விதி எண் ஏழு. நானே தட்டச்சு செய்தது.
அவருக்கு அதைச் சொன்னேன்.
தலையாட்டினார்,
மாட்டின் காதிலிருந்து உண்ணி ஒன்றைப் பிடுங்கி
நகத்தில் நசுக்கினார்.

திரும்பும் வழியில் கன்யாஸில் புழுதி.
பக்கத்து இருக்கைப் பெண்,
மடியில் தர்ப்பூசணியோடு,
"மேலே மழையா?" என்று கேட்டாள்.
இல்லை என்றேன்.
என் கையிலிருந்து அவள் பழத்தின்மேல்
சொட்டியது.

இரண்டை அடித்தேன். சிவப்பு மையில்.
அந்த வருட வரைபடத்தில் மேற்குச் சரிவு
வழக்கமான வைக்கோல் நிறம்தான்.
கருவாலி நிற்கும் இடத்தில்
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
அச்சில் அது விழவில்லை.

மறுநாள் காலை ஏழு மணி.
ஒதிலியே: எழுபத்தொன்பது. புதுக் கதவு போட்டாயிற்று.
பிறகு எவேலியோ.
கம்பியில் காற்றின் இரைச்சல்,
நடுவில் அந்த ஒற்றைச் சொல்.
ரகரமா றகரமா,
எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.
திருப்பிச் சொல்லச் சொல்வதற்குள்
வைத்துவிட்டார்.