மூன்று நூல் இடைவெளி

றம்பொடை ஏற்றத்தில்
மறுபடி நின்றது மொறிஸ் மைனர்.
மூடுபனி. எனக்குப் பல் கிட்டுகிறது,
பொனட்டுக்குள்ளே பெற்றோல் கொதிக்கிறது.

பின்சீட்டில் விதைக்கிழங்கு மூட்டையோடு சின்னமுனி:
"இந்தக் குளிர்லயுமா சூடு?"
பம்பின்மேல் ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு
கால்மணி நேரம்
கண்ணுக்குத் தெரியாத அருவியைக் கேட்டேன்.

குறை எங்கே என்று தெரியும்.
இழுக்கும் குழாயும் புகைக் குழாயும்
ஒரே சுவருக்கு இருபுறம் லயத்துக் காம்பராக்கள்.
அங்கே அடுப்பெரிந்தால்
இங்கே தூக்கமில்லை.
காப்ரேட்டர் படுத்திருப்பது
அந்தச் சுவரோரம்.

ஞாயிற்றுக்கிழமை
உடைந்த தேயிலைப் பெட்டியை அறுத்து
இரண்டு பலகை சேர்த்து மூன்று நூல் கனம்,
காப்ரேட்டருக்கு அடியில் கொடுத்தேன்.
போல்ட் எட்டவில்லை. அதற்கொரு நாள், ஹட்டனுக்கு.
பெட்டியின் வெள்ளித்தாளை நாலாய் மடித்து
புகைக் குழாய்க்கு முகம்காட்டி நிறுத்தினேன்.

இன்று நிற்கவில்லை.
சின்னமுனி வாய்பிளந்து தூங்குகிறான்.
கடைசி வளைவில் ஏதோ மணக்கிறது:
பலகை இடுக்கில் ஒட்டியிருந்த தூள்.
கப்பலேறிப் போகிற முதல் தரம்,
எங்கள் கடைகளுக்கு வராதது.

பலகை எத்தனை நாள் தாங்குமோ.
கண்ணாடியை இறக்காமல்
இரண்டாம் கியரிலேயே போகிறேன்.