இருக்கும்

டோங்காட். கரும்பு வெட்டி மொட்டையான மேடு.
ராணிப்பேட்டையிலிருந்து வந்த தில்லைநாயகம்
பூட்ஸ் நுனியால் மண்ணைக் கிளறினார்.
கண்ணாடி ஆலை. பட்டியலில் மூன்று ஊர்.

டர்பன் துறைமுகம், நாற்பது நிமிஷம். டிக்.
டிரெய்லர் திரும்ப இடம். டிக்.
தண்ணீர்?
முசி குழாயைத் திறந்தான்.
இருமியது, சிவப்பாய்த் துப்பியது,
பிறகுதான் வந்தது.
பாதி டிக்.

"மின்சாரம்?"
உலையை ஒருமுறை மூட்டினால்
பத்து வருஷம் குளிரவே கூடாதாம்.

நகராட்சியின் சார்பில்
ஞாயிறு வகுப்பில் கற்ற தமிழில்
"இருக்கும்" என்றேன்.

பேனாவை மூடிக்கொண்டு கேட்டார்:
"வாக்கா, யூகமா?"

சாலைக்கு அப்பால் கோழிக்கடை ஃப்ரிட்ஜின் உறுமல்
அப்போது பார்த்து நின்றது.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
எங்கோ ஒரு ஜெனரேட்டர் கனைத்தது.

ஆறு மாதம் கழித்துக் கடிதம்.
மூன்று வரியும் நன்றி,
சமோசாவுக்கும் சேர்த்து.
எந்த ஊர் ஜெயித்ததென்று இல்லை.

முசியின் தங்கை சிபோங்கிலே
மனுவோடு இன்றும் என் கவுன்ட்டருக்கு வந்தாள்.
வேறு கம்பெனி ஏதும் வருமா என்கிறாள்.

அவள் ஜூலுவில்
வாக்குக்கு ஒரு சொல், யூகத்துக்கு ஒரு சொல்.
ஒன்றை நான்
தேர்ந்தெடுத்தாக வேண்டும்.