நொடிக்குப் பதினாறு

அட்டன் டன்பார் வீதியில்
மீன்கடைக்கு மேல்மாடி என் ஸ்டூடியோ.
பாஸ்போர்ட் படம், சாமத்திய வீட்டு வீடியோ,
எப்போதாவது இப்படி ஒரு பிஸ்கட் டின்:
உள்ளே ஏழு ரீல், எட்டு மில்லிமீட்டர்,
மூடியைத் திறந்தால் வினாகிரி நெடி.

லிந்துலைப் பங்களா அலமாரி ஏலத்தில் போனபோது
அகப்பட்டது. உரிமைக்காரி நடிகரின் மகள்,
சென்னையிலிருந்து மரியாதையாகப் பேசினார்:
"குடும்பம் இருக்கிற இடம் மட்டும் போதும்.
மற்றதை வெட்டிவிடுங்கள்."

சௌந்தரகுமாரை விக் இல்லாமல் இப்போதுதான் பார்க்கிறேன்.
லுங்கி. தலையில் மப்ளர்.
படத்தில் புலியோடு கட்டிப் புரண்டவர்
காலில் அட்டை ஏறியதும்
பிரம்பு நாற்காலி மேல் தாவுகிறார்.
பதினோரு படம் கிளிசரினில் அழுத ரமாமணி
கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறாள்,
சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்குகிறது.

அப்போது பக்கவாட்டிலிருந்து வருகிறாள் ஒருத்தி.
பதினொன்றோ பன்னிரண்டோ வயது.
படங்குச் சாக்கை முக்காடாய்ப் போட்டு
குந்தி உட்கார்ந்து, சவர்க்காரம் தேய்த்து,
இரண்டு விரலால் அட்டையை எடுக்கிறாள்.
நிமிர்ந்து கெமராவிடம் ஏதோ சொல்கிறாள்.
ஒன்பது நொடி.
நாற்பது தடவை ஓட்டிப் பார்த்தேன்.
"குளிருது" என்றிருக்கலாம்.
"எடுத்தாச்சு" என்றும் இருக்கலாம்.

மற்ற ஆறு ரீலிலும் இருக்கிறாள்,
கழுத்துக்கு மேல் இல்லாமல்.
நடிகரின் குழந்தை சாய்ந்த இடுப்பு,
குடை பிடிக்கும் கை,
ரோஜாப் பாத்தி ஓரம் ஒரு வெறுங்கால்.

டின்னில் நீல மையில்: மார்ச் 64.
அந்த ஒக்டோபரில் இரண்டு நாடுகள் உட்கார்ந்து
லயத்துத் தலைகளை எண்ணிப் பங்கு பிரித்தன.
இவள் யார் பங்கில் விழுந்தாள், தெரியாது.
தலைமன்னாரில் கப்பல் ஏறியிருந்தால்,
கோத்தகிரிப் பக்கம் ஏதோ டென்ட் கொட்டகையில்
மணல் குவித்து உட்கார்ந்திருப்பாள்;
திரையில் அவர் புலியோடு புரள,
சனமெல்லாம் மூச்சடக்கியிருக்க
இவள் மட்டும் சிரித்திருப்பாள்.
பக்கத்தில் யாராவது அதட்டியிருப்பார்கள்.

வெட்ட உட்கார்ந்தேன்.
இடுப்பை வெட்டினால் குழந்தை விழுகிறது.
குடையை வெட்டினால் ரமாமணி நனைகிறாள்.
மழையையும் மாட்டையும்
கணக்கப்பிள்ளையின் சைக்கிளையும் வெட்டினேன்.

ஏழு ரீல், இருபத்தெட்டாயிரம் ரூபா, பில் அனுப்பியாயிற்று.
அந்த ஒன்பது நொடி ஏன் என்று கேட்டால்
சொல்வதற்குப் பதில் வைத்திருக்கிறேன்:
கால் உங்கள் அப்பாவுடையது, அம்மா.