பாதிக்குக் கீழே

சாயங்காலம் பாதியில் நின்ற முள்
விடிகாலையில் சாவி திருகினால்
அடியில் படுத்துக் கிடக்கும்.

ராத்திரி வண்டி நின்றது
காரணம்பேட்டை குடோன் வாசலில்.
டேங்க் மூடிக்குப் பூட்டு உண்டு.
சாவி ரெண்டு.
ஒன்று என் மேசை டிராயரில்,
இன்னொன்று நாச்சிமுத்துவின் அரைஞாணில்.

கணக்கு எழுதுகிறவளுக்கு
இதற்கு மேல் என்ன வேண்டும்?
பதினோரு நாள்
படியில் இருநூறு இருநூறாகப் பிடித்தேன்.
அவன் வாய் திறந்தது ஒரே தடவை:
"டீசல் இருக்குதுங்க்கா. முள்ளுதான் இல்லீங்குது."
பொய் சொல்லி முள்ளுக்கு
என்ன ஆகப்போகுது என்றேன்.

பன்னிரண்டாம் நாள் நானே கேபினில் ஏறினேன்.
பின்னால் சோமனூருக்கு நூல் கோன்,
எதிரே ஆடிக் காற்று,
கிளம்பும்போதே முள் பூஜ்யத்தில்.
அது சொன்னபடி என்றால்
கருமத்தம்பட்டி தாண்டுவதற்குள் நின்றிருக்க வேண்டும்.
சோமனூரில் லோடு இறக்கினோம்.
பாவு ஏற்றிக்கொண்டு திரும்பினோம்.
வண்டி நிற்கவில்லை.
நாச்சிமுத்து ரோட்டைத்தான் பார்த்து ஓட்டினான்,
ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பாமல்.

ரவூப் பாய் கடைக்கு விடு என்றேன்.

பாய் முதலில் ஃபியூஸைப் பிடுங்கி
வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினார்.
அப்புறம் டேங்க் மேல் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டி
ஒற்றை வயரைக் கழற்றி
சேஸில் தொட்டார்.
"மேல ஏறி முள்ளப் பாருங்க்கா."
படுத்திருந்தது எழுந்து
மெல்ல மெல்ல ஏறி
ஃபுல்லில் போய் முட்டியது.
"மீட்டர் நல்லாருக்குது, வயரும் குத்தமில்லீங்.
சீக்கு டேங்குக்குள்ள."

அஞ்சு ஸ்குரூ.
நாலு வந்தது.
அஞ்சாவதுக்கு எண்ணெய் விட்டு
ரெண்டு டீ குடிக்க வேண்டியிருந்தது.

வெளியே எடுத்த மிதவையைக்
காதோரம் வைத்துக் குலுக்கினார்.
ஓட்டை இல்லை, உள்ளே காய்ந்த சத்தம்.
மல்டிமீட்டர் முனைகளைக் கவ்வவிட்டு
கையை உச்சியிலிருந்து இறக்கினார்.
எண்கள் ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்தன,
பாதிக்குச் சற்றுக் கீழே
திரையைவிட்டே காணாமல் போயின.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
அந்தச் சுருளை எனக்கே நீட்டினார்.
மயிரைவிட மெல்லிசுக் கம்பி.
கீழ்ப் பாதி தேய்ந்து, கறுத்து, பள்ளம் விழுந்து.
மேல் பாதி
கடையில் வாங்கிய அன்றைக்குப் போல மினுக்கம்.
"ஏனுங்க்கா, இந்த வண்டிக்கு
டேங்க் ரொப்புனதே இல்லீங்களா?"

ஒன்பது வருசம்.
ஆயிரத்துக்குப் போடு,
நூல் விலை ஏறினால் எழுநூறுக்குப் போடு.
ரொப்பி நிறுத்தினால்
ராத்திரி எவனாவது உறிஞ்சிவிடுவான் என்று
நானே போட்ட சட்டம்.
அந்தக் குட்டித் தூரத்துக்குள்ளேயே
மேலும் கீழும் மேலும் கீழும்
உரசிக்கொண்டு கிடந்திருக்கிறது.

புதுசு கோயமுத்தூரிலிருந்து வர மூன்று நாளாகும்.
பாய் மூக்குக் குறட்டால்
தொடுமுனையை இம்மி அளவு வளைத்தார்,
பள்ளத்தை விட்டு
தேயாத ஓரத்தில் நடக்கும்படி.
மாட்டி முடித்து,
"இப்ப உள்ள எத்தனை லிட்டர் இருக்கும்? தெரிஞ்சாத்தான
முள்ளு சொல்றது சரியான்னு பாக்க முடியும்."

நாச்சிமுத்து சீட்டுக்குப் பின்னாலிருந்து
ஒரு மூங்கில் பிளாச்சை எடுத்தான்.
கத்தியால் வெட்டிய கோடுகள்,
ஓரத்தில் பால்பாயிண்டில் தேதிகள். பதினொன்று.
பனியன் வேஸ்டால் துடைத்து
மூடித் துளையில் இறக்கித் தூக்கினான்.
"பதினாலு."
முள் காட்டியதும்
கிட்டத்தட்ட அதையேதான்.
பாய் தலையாட்டினார். நூற்றைம்பது வாங்கினார்.

ரெண்டாயிரத்து இருநூறை எண்ணிக் கொடுத்தேன்.
அவன் ரெண்டு தடவை எண்ணினான்.
எண்ணட்டும்.

பல்லடம் ரோட்டு பங்க்கில்
"ரொப்புங்க" என்றேன்.
குழாய்க்காரப் பையன் ரெண்டாம் தடவை கேட்டான்,
எவ்வளவுக்குங்க்கா?

முள் ஃபுல்லில் நின்றதை நாச்சிமுத்து பார்த்தான்.
பார்த்துவிட்டு இறங்கிப் போய்
பிளாச்சை டேங்கில் விட்டு எடுத்தான்.
ஈரம் கடைசிக் கோட்டைத் தாண்டி
வெறும் மூங்கிலில் ஒரு ஜாண் ஏறியிருந்தது.

பங்க்கை விட்டு வண்டியை வெளியே தள்ளி நிறுத்தி
இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான்.
ஈரம் காய்வதற்குள்
அந்த இடத்தில்
ஒரு கோடு வெட்டினான்.